தலையாட்டாத அக்கா

போன மாதம் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி. எனக்கு முன்னால் இருந்த ஐந்து வரிசையிலும் கைபேசிகள் உயர்ந்து நின்றன. பாடகியை நேரில் பார்க்க வழியில்லாமல் யாரோ ஒருவருடைய கைபேசித் திரையில்தான் பார்த்தேன். பதிவு செய்கிறோமே என்று யாருக்கும் கூச்சமில்லை, பயமில்லை. இதையே ஒளித்துச் செய்ய, முன்பு எங்கள் கடைக்கு வந்துபோன அக்கா ஒருவர் பட்ட பாட்டை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்து நாற்காலியில் கொண்டையைச் சுற்றி மல்லிகை வைத்த ஓர் அம்மா, தலையையோ கையையோ அசைக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இல்லை, வயதே பொருந்தாது. இருந்தும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போது ஏன் என்று மனைவி கேட்டாள். ஃபேன் காற்று ஆகவில்லை என்றேன்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சின்னச் சின்னப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரிய உண்மையை ஒரு தடவை எழுதிவிட்டால் இந்தச் சில்லறைத் தொல்லை தீருமா என்று பார்க்கிறேன்.

அக்கா ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் அப்போது ஈப்போ நகரத்தில் மின்சாதனக் கடை ஒன்றில் விற்பனையாள். முதலாளி சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். எனக்கு முப்பது வயது தாண்டி, ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. ஆனால் வாய் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையனுடையது. எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைக்காமல் என்னால் நாலு வார்த்தை பேச முடியாது. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், தொழிற்சாலைச் சீருடையோடு அக்கா கடைக்கு வந்து நின்றார்.

"தம்பி, கச்சேரில பாட்டு எடுக்கற மெசின் ஒண்ணு வேணும். சின்னதா இருக்கணும். செவப்பு லைட்டு எரியக் கூடாது. டிக்குன்னு சத்தம் வரக் கூடாது."

"யாருக்கும் தெரியாம எடுக்கப் போறீங்களாக்கா?"

"தெரிஞ்சி எடுக்கறதா இருந்தா பெருசா வாங்கிட்டுப் போவேன்லா."

கைபேசியிலேயே எடுக்கலாமே என்றேன். "போன் வேணாம். நடுவுல எவனாச்சும் கூப்புடுவான். வெளிச்சம் மூஞ்சில அடிக்கும். அப்புறம் கமிட்டிக்காரரு வந்து பக்கத்துல நிப்பாரு." எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்திருந்தார்.

பேனா வடிவத்தில் ஒரு ரெக்கார்டர் அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் செருகினால் யாருக்கும் தெரியாது. அதை எடுத்துக் காட்டினேன். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போடச் சொன்னார். பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடையின் கடைசியில் போய் நின்று பதிவு செய்தார். பிறகு காதில் வைத்துக் கேட்டார்.

"தவுலு அடிச்சா பாட்டு ஓடி ஒளிஞ்சிக்கிது தம்பி. தவுலு நின்னா மெதுவா எட்டிப் பாக்குது. இது வேணாம்."

அந்தச் சாதனம் ஒலியைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். அதைச் சிறப்பு அம்சம் என்று சொல்லி நான் எத்தனையோ பேருக்கு விற்றிருந்தேன். அது ஒரு குறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேர்ந்தெடுக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று. கடைசியில் சிகரெட் பெட்டியைவிடச் சிறியதாக ஒன்று அமைந்தது. ஒலியின் அளவைக் கையால் திருகி வைக்கலாம். இருட்டில் தடவினாலே பொத்தான்கள் தெரியும். வெளி மைக் செருகத் துளையும் இருந்தது. ஒரே குறை, பதிவு ஓடும்போது சிவப்பு விளக்கு எரியும். அதை அணைக்க வழியில்லை. அக்கா பணப்பையைத் திறந்து ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினார். தவுக்கே எழுந்து வந்து பார்த்துவிட்டு, தன் கடையில் இதையும் விற்கலாமா என்று கேட்டார்.

அடுத்த பிரச்சினை மைக். சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கவ்வி மைக்குகள் கொடுத்தேன். பைக்குள் வைத்தால் துணி உரசியது. தோளில் சேலையோடு சேர்த்துக் குத்தினால் மூச்சு விடுவது கேட்டது. "பேசாம பூவுக்குள்ள வைங்கக்கா" என்றேன். வழக்கம்போல விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த வாரம் வந்து, "ரெண்டு மொழம் வச்சா சத்தம் கொஞ்சம் மங்கிப் போவுது. ஒரு மொழம் போதும். நெருக்கமா கட்டுன பூவா இருந்தா ஃபேன் காத்துகூட உள்ள போவல" என்றார். கொண்டையின் இடப்பக்கம் ஒரு மைக், வலப்பக்கம் ஒரு மைக், மேலே மல்லிகை. கம்பி சேலைக்குள் இறங்கி இடுப்பில் இருந்த ரெக்கார்டருக்குப் போனது.

அன்றிலிருந்து அக்காவால் தலையாட்ட முடியவில்லை. ஆட்டினால் பதிவில் பாட்டும் இடமும் வலமுமாக ஆடும். தாளம் போட்டால் வளையல் சத்தம் விழும். கை தட்டினால் மற்றவர் கைதட்டலை அது அமுக்கிவிடும். ஆகவே இரண்டு கையையும் மடியில் கோத்து, கழுத்தை நேராக வைத்து, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எப்போதும் நாலாவது வரிசை. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், ஆளில்லாத மண்டபத்தில் ஒரே ஒரு தடவை கையைத் தட்டுவார். எதிரொலி எவ்வளவு என்று பார்ப்பதற்கு. அவர் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். ஒலியளவைச் சரி செய்வது தலைவர்களின் உரை நேரத்தில். "அவங்க பேச்சு இல்லன்னா லெவல் வைக்க முடியாதுலா. மத்தவங்கதான் எதுக்கு இவ்ளோ நேரம் பேசறாங்கன்னு திட்டறாங்க" என்பார்.

ஊரில் அவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். ஒரு முறை மேடையிலிருந்த பாடகரே, "நாலாவது வரிசை அக்காவுக்கு நம்ம பாட்டுப் புடிக்கல போல" என்று மைக்கில் சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. அக்கா அசையவில்லை. எப்படி அசைவார், அதுவும் பதிவாகிக்கொண்டிருந்ததே!

அந்தப் பதிவை அடுத்த சனிக்கிழமை கடையில் போட்டோம். அது ஒரு வழக்கமாகியிருந்தது. அக்காவிடம் கணினி இல்லை. ரெக்கார்டரில் இருப்பதை நான் அவருடைய பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுப்பேன். மாறி முடியும்வரை காட்சி ஸ்பீக்கரில் சத்தமாக ஓட விடுவேன். தவுக்கேவுக்கு அது இலவச விளம்பரம். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து நின்று கேட்பார்கள். மண்டபம் சிரித்த இடம் வந்ததும் நான் அணைக்கப் போனேன். அக்கா கையைத் தடுத்தார்.

"இரு தம்பி. இது நம்ம பூக்காரம்மா சிரிப்பு, கேளு. இந்தா, இது கெமோர் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. சிரிச்சிட்டு இருமறாரு பாரு. இது யாரு... ஆங், தபால் ஆபீஸ் தம்பி."

கோபமே இல்லை. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். அவருடைய பதிவுகளில் யாருடைய இருமலும் சிரிப்பும் அவருக்குத் தப்பாது. இதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். ரெக்கார்டரிலேயே பதிவைத் துண்டாக்கும் வசதி உண்டு, இந்தப் பொத்தானை இப்படி அழுத்த வேண்டும் என்று ஒரு தடவை செய்தும் காட்டினேன்.

"வெட்டக் கூடாது தம்பி. புள்ள அழுதாலும் கச்சேரிதான். வெள்ளக் காடி வழிய மறைக்குது, டிரைவரு வாங்கன்னு மைக்குல சொன்னாலும் கச்சேரிதான். நடந்தது நடந்த மாதிரி இருக்கணும்."

எதற்காக இவ்வளவு பாடு என்பதை ஹெட்போன் வாங்க வந்த அன்றுதான் சொன்னார். எல்லாவற்றையும்விட அதிகச் சத்தம் வருவது எது என்று கேட்டார். இவ்வளவு சத்தம் காதுக்கு ஆகாதே என்றேன். அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தார். தவுக்கே சாப்பிடப் போயிருந்தார்.

"எடது காது சுத்தமா போச்சி தம்பி. வலதுல பாதி. இருவத்தி ரெண்டு வருசம் ஆணி மெசின் பக்கத்துல நின்னேன்ல. ஹால்ல நான் சும்மா பாத்துட்டு வரேன். வீட்டுக்குப் போய் இதப் போட்டாதான் கேக்குது."

இருப்பதிலேயே சத்தமான ஹெட்போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அக்காவே தொடர்ந்தார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. இப்பத் திமிரு புடிச்சவன்னு சொல்றாங்க, பரவால்ல. செவிடி பாட்டுக் கேக்க வந்துட்டான்னு சொன்னா அப்புறம் என்னால அங்க போயி உக்கார முடியாது."

அனுமதி கேட்டுவிட்டே எடுக்கலாமே என்றேன். தைப்பிங் ஊர்க் கச்சேரியில் ஒரு தடவை கேட்டிருக்கிறார். எத்தனை பிரதி போட்டு விற்கப் போகிறாய் என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார்களாம். அதன் பிறகு கேட்பதில்லை. நானறிந்து ஒரு பதிவைக்கூட அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. டிக்கெட் வாங்காமல் போனதும் இல்லை.

அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் கடையை ஒரேயடியாக மூடுவதற்கு முன்பே தொழிற்சாலை வேலையிலிருந்து நின்று, தஞ்சோங் மாலிமில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பு முன் கடைக்கு வந்து முகவரியும் சொன்னார். நெடுஞ்சாலையில் போனால் ஒன்றரை மணி நேரம். அந்த வழியாக எத்தனையோ தடவை கோலாலம்பூருக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த ஊருக்குப் பிரியும் இடம் வரும்போதெல்லாம் காரின் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன்.

சொல்ல வேண்டியதை இனியும் தள்ளிப் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒலிபெருக்கிக் குத்தகைக்காரர் ஒருவரிடம் கூடுதல் வேலைக்குப் போவேன். அப்படி ஒரு நாள், தமிழ்நாட்டிலிருந்து வந்த குழு. மாலை நாலு மணிக் கச்சேரி. முந்தின ஊரில் யாரோ பதிவு செய்து இணையத்தில் போட்டுவிட்டார்களாம், பாடகருக்குக் கோபம். யாரும் பதிவு செய்யக் கூடாது, பிடிபட்டால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தார்கள். சட்டென்று அரங்கை எட்டிப் பார்த்தேன். அக்கா நாலாவது வரிசையில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு அவர் காதில் விழுந்திருக்காது.

இடைவேளையில் எல்லோரும் தேநீருக்கு எழுந்து போனார்கள். அக்கா எழவில்லை, பதிவை நிறுத்த மாட்டாரே. நான் ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கமிட்டிச் செயலாளர் இரண்டு பேரோடு வந்தார்.

"ஏய், இந்தப் பொம்பள ஒன் கடைக்கு வர்றவதானே? எப்பப் பாத்தாலும் ஆடாம அசையாம உக்காந்திருக்கு. ரெக்கார்டு கிக்கார்டு பண்ணுதா?"

அக்காவின் இடப்பக்கம், இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தோம். செத்துப்போன காதின் பக்கம். அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும்.

"அதுவா? அது செவிடுண்ணே. செவிடு என்னாத்த ரெக்கார்டு பண்ணப் போவுது?"

இந்த ஒரு வரியை நான் பல நாள் எனக்குச் சாதகமாக வைத்து வாதாடியிருக்கிறேன். அவரைக் காப்பாற்றத்தானே சொன்னேன்? அக்காவின் பையிலும் இடுப்பிலும் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரி, இருக்கட்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். செயலாளர் திகைத்து, "செவிடா? அப்புறம் எதுக்குப் பாட்டுக் கேக்க வருது?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"பொழுது போவ வேணாமாண்ணே? கட்டிக்க ஆளில்ல, வீட்டுல நாயிகூட இல்ல. சீலயக் கட்டி எங்கயாச்சும் வந்து உக்காந்தா நாலு பேரு பாப்பாங்கல்ல. பூவப் பாருங்கண்ணே, பூவ! இந்த வயசுல பொண்ணு பாக்க வர்ற மாதிரி. முடிஞ்சதும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் தர்றீங்க, ராத்திரிச் சமையலும் மிச்சம்."

சொல்லிவிட்டுக் கையைக் கோத்து, கழுத்தை விறைத்து, அக்கா மாதிரி நின்று காட்டினேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கென்று ஒரு சிரிப்பு உண்டு. கிளம்பாத மோட்டார் சைக்கிளை உதைக்கிற மாதிரி இரண்டு தடவை இழுத்து நிற்கும். என்னைத் தெரிந்த எவருக்கும் அதைத் தெரியும்.

செயலாளர் சமாதானமாகிப் போனார். கச்சேரி முடிந்தது. பொட்டலம் வாங்காமலேயே அக்கா கிளம்பினார். அவர் எப்போதுமே வாங்குவதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். கடந்து போகும்போது என்னைப் பார்த்து, எல்லாம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது என்பதுபோல ரகசியமாகக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிமிட்டினேன். பெரிய உதவி செய்துவிட்டவனைப்போல நடந்தேன்.

வயரைச் சுருட்டி வண்டியில் ஏற்றும்போதுதான் உறைத்தது. அக்காவின் காதுக்குத்தான் கேட்காது. மைக்கை விற்றவன் நான். அதைப் பூவுக்குள் வைக்கச் சொன்னவன் நான். அந்தப் பூவிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்று, அந்தப் பூவைக் காட்டியே பேசினவனும் நான். அக்கா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார். எல்லாவற்றையும்விட அதிகச் சத்தம் தரும் ஹெட்போனை, நான் பார்த்துக் கொடுத்ததை, மாட்டிக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு வாரம் நான் சாமியிடம் கேட்டதெல்லாம், பேட்டரி பாதியில் தீர்ந்திருக்க வேண்டும் என்பதுதான். அதுவும் நடக்காது. கச்சேரிக்கு முந்தின நாள் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அக்கா வந்தார். வழக்கம்போல தவுக்கேவுக்கும் எனக்கும் பீசாங் கோரெங் வாங்கி வந்திருந்தார், சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம். ரெக்கார்டரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பியைச் செருகினேன்.

எப்போதும் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கும். அன்று இரண்டு இருந்தன. ஒன்று என்று எண் போட்டது ஒன்று. மூன்று என்று எண் போட்டது மற்றொன்று. நடுவில் இரண்டைக் காணோம்.

ஒரே ஒரு தடவைதான் அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுத்திருந்தேன். வெட்டவே கூடாது என்றவர், அதை எப்படியோ நினைவில் தேடி எடுத்து, நான் பேசியதற்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு வெட்டி, நடுத்துண்டை அழித்திருந்தார். இந்த ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுவேன் என்று அவருக்குத் தெரியும். தவுக்கேவும் பக்கத்துக் கடைக்காரர்களும் நின்று கேட்பார்கள் என்றும் தெரியும். நான் அவரைக் காப்பாற்றிய விதம் அது. அவர் என்னைக் காப்பாற்றிய விதம் இது.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். நானோ, கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று மூன்றாம் எண்ணைத் தட்டினேன்.

வெட்டு கொஞ்சம் முந்தி விழுந்திருந்தது. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் கடை முழுக்க ஒரு சிரிப்பு கிளம்பி, இரண்டு தடவை இழுத்து நின்றது. பிறகு வெள்ளைக் கார் ஒன்று வழியை மறைக்கிறது என்ற அறிவிப்பு வந்தது.

தவுக்கே பீசாங் கோரெங்கை மென்றபடி திரும்பினார். "ஏய், இத்து லூ புஞ்ஞா கெத்தாவா?" உன் சிரிப்புத்தானே இது என்று என்னைக் காட்டி, ஸ்பீக்கரையும் காட்டினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். முதல் தடவையாக அன்றைக்கு. அவரும் என்னைப் பார்த்தார். வலது காதை ஸ்பீக்கர் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர்போல நின்றார். ஒரு மண்டபத்துச் சிரிப்பையே ஆள் ஆளாகப் பிரித்துப் பெயர் சொன்னவர்.

"தெரியல தம்பி" என்றார். "கூட்டத்துல யாரோ."

தவுக்கே பதிலுக்குக் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"ஆமாக்கா" என்றேன், அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்று, தெளிவாகக் கேட்கும்படி. "யாரோதான்."